வாத்துத் தலைச் சுக்கான்

மெருகார் என்றொரு இனம் உண்டு, ஐயா. உடைந்ததை மாற்றச் சொன்னால் நீங்களும் நானும் மாற்றிவிட்டு வேலையைப் பார்ப்போம். மெருகாருக்கு அது போதுமா? ஊரில் இல்லாத அழகாக அது வந்தாக வேண்டும்.

நம் மெருகாரிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது. அதைத் திருப்பக் கையில் பிடிக்கும் சுக்கான் கட்டையில் விரிசல். படகை விட்டால் வேறு வழியில்லாத அக்கரையில் கொழுந்தியாளுக்குக் குழந்தை பிறந்த வாரம் பார்த்தா அது விரிசல் விட வேண்டும்?

“ஏங்க, புதுக்கட்டை ஒண்ணு போட்டா கிளம்பிடலாம்ல?” என்றாள் மனைவி.

“ஒரு வாரம் பொறு.”

மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, சாப்பாட்டு மேஜையோடு இறுக்கிக் கட்டி, குடும்பத்தையே தரையில் உட்கார்ந்து சாப்பிட வைத்து, தன் உள்ளங்கைக்கு மட்டும் பொருந்தும்படி பிடியைச் சீவி, அதுவும் போதாமல் நுனியில் ஒரு வாத்துத் தலையைச் செதுக்கினார். வாத்தின் சிரிப்பு சரியில்லை என்று மறுபடி செதுக்கினார். வாத்து சிரிக்குமா? அவரிடம் போய்க் கேளுங்கள்.

பிறகு வார்னிஷ். தூசி ஒட்டுமென்று மின்விசிறிக்குத் தடை. தும்மல் வந்தால் மாமனார் தெருவுக்கு ஓட வேண்டும்.

“குழந்தைக்குப் பல்லு முளைச்சிடுச்சாம்.”

“இன்னும் ஒரு பூச்சு பாக்கி.”

“நடக்கவே ஆரம்பிச்சிடுச்சாம்!”

“காயட்டும்.”

ஒருவழியாகக் காய்ந்தது. படகில் கனகச்சிதமாகப் பொருந்தியது. மனைவி பையோடு ஏறிக் கட்டையில் கை வைத்ததுதான் தாமதம், “ஐயோ, கைரேகை!” என்று மெருகார் அலறினார். கையுறை கொடுத்தார். வெயில் படுமென்று கட்டைக்கு உறை மாட்டினார். ஓர் அலை தெறித்தது. அவ்வளவுதான், கட்டையைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு கரைக்குத் தாவிவிட்டார்.

அவள் பையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். படகின் அடியில் கிடந்த பழைய கட்டையை எடுத்து, விரிசலைச் சுற்றி இறுக்கிக் கட்டி மாட்டினாள். பாயை விரித்தாள்.

“வரீங்களா, இல்லையா?”

“இது நனைஞ்சிடுமே!”

“அப்ப அதோடவே குடும்பம் நடத்துங்க!”

படகு போய்விட்டது. மெருகார் துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுற்றினார்.

சாயங்காலம் அக்கரையிலிருந்து மனைவியின் போன் வந்தது. “பெரியப்பா எங்கேன்னு கேக்குதுங்க குழந்தை. பேசவே கத்துக்கிச்சு.”

மெருகார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியே வாத்தையும் ஒரு துடை துடைத்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் டி.வி. ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரியுங்கள்.