குடும்பங்களுக்கு மட்டும்

"குடும்பம் எங்க சார்?"

மலையிடுக்குக்குள் இறங்கும் பாதையில் சங்கிலியைப் பிடித்தபடி நின்ற காவலாளி கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். வெயிலில் வெறிச்சோடிக் கிடந்த சாலை. அவர் முதுகில் ஒரு கூடாரம், கைக்கு ஒரு பை, கழுத்தில் தொங்கும் தண்ணீர்க் குடுவை. குடும்பம் மட்டும் இல்லை.

"ஆறு பேர்னு சொல்லித்தானே இடம் பிடிச்சிருக்கீங்க?"

பிடித்தது மகன். காலையில் அவனே போன் செய்தான். "அப்பா, ஆபீஸ்ல லீவு தரமாட்டேங்கறாங்க. நான் இல்லாம பிள்ளைங்களும் வராது. அடுத்த வருஷம் கண்டிப்பாப் போறோம்ப்பா." அதுக்கென்னடா என்று சொல்லிவிட்டார். ஆனால் கட்டிய மூட்டையை அவிழ்க்க மனம் வரவில்லை. அவிழ்த்தால் அப்புறம் என்ன செய்வது? வேலை நாளிலாவது யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, "அண்ணே, போயிடாதீங்கண்ணே, பேசிக்கிட்டே இருங்கண்ணே" என்று கெஞ்சுவார்கள். கதவு திறந்ததும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுவார்கள். அதுவாவது ஒரு பேச்சு.

"தனி ஆளுங்களுக்கு அனுமதி இல்ல சார்" என்று காவலாளி பலகையைக் காட்டினார். "குடும்பங்களுக்கு மட்டும்."

"பின்னாடி வர்றாங்க" என்றார் மெக்கானிக்.

"யாரு?"

"எங்க வீட்ல."

எங்கிருந்துதான் வாயில் வந்ததோ! வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. பின்னால் வருவதென்றால் அவள் வெகு தூரத்திலிருந்து வரவேண்டியிருக்கும். காவலாளி சங்கிலியை இறக்கி, பின்னால் வருகிறவளுக்காக அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

கீழே இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள். நடுவே ஆறு. கரைக்கு மேல் அகலமான கல்மேடு. அதில் வரிசையாகக் கூடாரங்கள். பழக்கப்பட்ட கை என்பதால் மெக்கானிக் தம் கூடாரத்தைச் சிரமமில்லாமல் நிறுத்திவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்தார். ஆறு பேர் புரளும் இடத்தில் ஒருவர். இருமிப் பார்த்தார். இருமல்கூடத் தனியாகத்தான் கேட்டது.

பக்கத்துக் கூடாரத்துக்கு முன்னால் பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏங்க! எழுந்திருங்க! வந்த இடத்துலயும் தூக்கமா?" என்று தம் கூடாரத்தைப் பார்த்து இரைந்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் சிரித்தார்.

"உங்க வீட்ல வரலையா?"

உண்மையைச் சொன்னால் காவலாளி காதுக்கு எட்டும். மேலே ஏற்றி அனுப்பிவிடுவார்.

"உள்ள படுத்திருக்கா. தலைவலி."

"அடடா! மாத்திரை போட்டாங்களா?"

மெக்கானிக் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, "ஏம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். நம்பும்படி இருக்கட்டும் என்றுதான் கேட்டார். ஆனால் கேட்டு முடித்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இதமாக இருந்தது. அதனால் தேவையே இல்லாமல் இன்னொன்றும் கேட்டார். "போர்வை வேணுமா?"

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இந்தப் பொய் எழுந்து நடக்க ஆரம்பித்தது.

சற்று நேரத்தில் தொப்பி அம்மாள் இரண்டு குவளை இஞ்சி டீயோடு வந்தார். "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவங்களுக்கு. சக்கரை போதுமான்னு கேளுங்க."

மெக்கானிக் உள்ளே போனார். கொதிக்கக் கொதிக்க இரண்டையும் குடித்தார். நாக்கு வெந்த நிலையில் வெளியே வந்து, "போதுங்கறா" என்றார்.

"சத்தமே கேக்கலையே?"

"அவ மெதுவாத்தான் பேசுவா."

மேலே இருந்து அவள் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். காய்கறி வண்டிக்காரனை மூன்றாவது மாடியிலிருந்தே பேரம் பேசிப் பணியவைத்த குரல் அது.

"உங்க வீட்டுக்காரர் எப்படி?" என்று மெக்கானிக் பேச்சை மாற்றினார். "இன்னும் எழுந்திருக்கலையா?"

"அவரா? இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்" என்றார் அம்மாள். கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆனா பக்கத்துல ஒரு ஆள் குறட்டை விட்டாத்தான் நமக்குத் தூக்கம் வருது. இல்லையா?"

ஆமாம் என்றார் மெக்கானிக். அன்று அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அதோடு விட்டிருந்தால் பொழுது நன்றாகவே போயிருக்கும். ஆனால் தொப்பி அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. வெயில் சாய்கிற வேளையில், கடைசிக் கூடாரத்திலிருந்து ஒரு குண்டான மனிதரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

"டாக்டர்! அதிர்ஷ்டம் பாருங்க. ஒரு பார்வை பாத்துடட்டும்."

"நான் பல் டாக்டரும்மா" என்றார் அவர் சங்கடத்தோடு.

"இருக்கட்டுமே. பல்லு தலையிலதானே இருக்கு?"

பல் டாக்டர் குனிந்து கூடாரத்தின் ஜிப்பைப் பிடித்தார். மெக்கானிக் குறுக்கே பாய்ந்தார்.

"உள்ள இல்ல டாக்டர்! இப்பத்தான்... காத்தாட நடந்துட்டு வர்றேன்னு போனா."

"எங்க?"

"ஆத்துப் பக்கம்."

அவர் வாயை மூடுவதற்குள் மேலேயிருந்து விசில் சத்தம். காவலாளி படிகளில் ஓடி வந்தார். "யாரும் கரைக்குப் போகாதீங்க! மேல அணையத் திறந்துட்டாங்க! தண்ணி ஏறுது!"

"ஐயையோ!" தொப்பி அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "இவர் சம்சாரம் அங்கதான் போயிருக்காங்க!"

மெக்கானிக் என்னவோ சொல்ல வாயெடுத்தார். யார் கேட்டார்கள்? கூடாரங்களிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடினார்கள். "உங்க வீட்டுக்காரரையும் எழுப்புங்கம்மா" என்று பல் டாக்டர் தொப்பி அம்மாளிடம் கத்தினார். "அவருக்கு முழங்கால் வலி! இறங்கினா ஏற மாட்டார்!" என்று கத்திக்கொண்டே அம்மாள் எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

"அவங்க பேர் என்ன சார்?" காவலாளி மெக்கானிக்கின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பேரச் சொல்லுங்க, கூப்பிடணும்!"

பெயரைச் சொன்னார்.

எல்லாரும் அந்தப் பெயரைக் கூவினார்கள். ஆண்கள், பெண்கள், பல் டாக்டரின் இரண்டு மகள்கள், முன்பின் தெரியாத அத்தனை பேரும். பாறைச் சுவர்கள் அதை வாங்கித் திருப்பிக் கூவின. மெக்கானிக் அசையாமல் நின்றார். மகன் போனில் அந்தப் பெயரை எடுப்பதில்லை. அப்பா மனசு சங்கடப்படும் என்று. அவரும் எடுப்பதில்லை, மகன் மனசு சங்கடப்படும் என்று. இத்தனை வருஷமாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத பெயரை இப்போது ஒரு மலையே சொல்லிக்கொண்டிருந்தது.

"நீங்களும் கூப்பிடுங்க சார்! உங்க குரலுக்குத்தான் வருவாங்க!"

கூப்பிட்டார். பாதிப் பெயரிலேயே குரல் உடைந்துவிட்டது. பல் டாக்டரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "தைரியமா இருங்கண்ணே, கிடைச்சிடுவாங்க."

ஆறு கலங்கி, நுரைத்து, கரைப் பாறைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. பல் டாக்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு மரக்கிளையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "சேலை மாதிரி இருந்துச்சு" என்று மூச்சிரைத்தார். காவலாளி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இடுப்பில் கயிறு கட்டினார். மறுமுனையை மெக்கானிக் கையில் திணித்தார்.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க சார். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

மெக்கானிக் கயிற்றைப் பிடித்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்து அந்த மனிதரைக் கரையிலேயே உட்கார வைத்தார்.

"இறங்காதீங்க. அவ ஆத்துல இல்ல."

"பின்ன எங்க?"

"எங்கயும் இல்ல. அவ செத்துப்போய்ச் சில வருஷமாச்சு. நான் தனியாத்தான் வந்தேன். திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

கூவல்கள் நின்றன. ஆற்றின் இரைச்சல் மட்டும் இருந்தது. பல் டாக்டர் இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்டக் கரையேறினார்.

"ஏன்யா, உங்களுக்கு வெளையாட ஆத்தங்கரைதான் கிடைச்சுதா? என் உசுரு போயிருந்தா?"

"மன்னிச்சிடுங்க டாக்டர்."

"அப்ப நான் கொடுத்த டீ?" என்று தொப்பி அம்மாள் மெல்லக் கேட்டார்.

"ரெண்டையும் நான்தான் குடிச்சேன்."

அம்மாள் திட்டுவார் என்று தலைகுனிந்து காத்திருந்தார் மெக்கானிக். அம்மாள் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பையே திருகிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் முணுமுணுத்தபடி மேடேறினார்கள்.

"நான் கிளம்பிடறேன்" என்றார் மெக்கானிக். "கூடாரத்தப் பிரிச்சிடறேன்."

"அட, இருங்க சார்" என்று காவலாளி இடுப்புக் கயிற்றை அவிழ்த்தபடி சொன்னார். "நீங்களாவது நான் ஆத்துல இறங்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க. போன மாசம் இந்தம்மா, அவங்க வீட்டுக்காரரைத் தேடி நான் கழுத்தளவு தண்ணிக்குப் போனப்பறம்தான் சொன்னாங்க!"