எழுத்துக்கூட்டி அப்பா

அப்பாக்களில் பல ரகம் உண்டு. பிள்ளையைத் தூக்கத் தெரியாத அப்பா, தூக்கிவிட்டு இறக்கத் தெரியாத அப்பா, பிள்ளை அழுதால் கூடவே அழுகிற அப்பா. இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்லவருவது எழுத்துக்கூட்டி அப்பாவை. பிள்ளைக்கு நல்ல பெயராகத் தேர்ந்து, எல்லோரும் அழகான பெயர் என்று பாராட்டிய பிறகு, அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து, நடுவில் ஓர் 'எச்' செருகி, கடைசி 'ஏ'யை இரட்டையாக்கி, 'ஐ' இருந்த இடத்தில் 'ஒய்'யைக் குடிவைத்து, பிறகு அந்த 'எச்'சுக்கு நெருக்கடியாக இருக்குமே என்று இடம் மாற்றி, குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியில்கூட எழுதிப் பார்க்கிறவர். நீங்கள் இவரைச் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது.

எங்கள் மாடி வீட்டுக்காரர் இந்த ரகத்தில் முதல் தரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. பிறந்தது பெண். பெயர் அந்த வாரமே முடிவாகிவிட்டது. அவர் மனைவி ஆசைப்பட்ட பெயர். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அவர் படியிறங்கி வந்து திருத்துவார்.

ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் யாருக்கும் அனுமதியில்லை. ஏன்? எழுத்து இன்னும் முடிவாகவில்லையாம். தப்பான எழுத்தில் குழந்தைக்குப் பழகிவிடுமாம்!

அவருடைய அண்ணன் பழைய கட்சி. ஞாயிறுதோறும் வந்து சண்டை போடுவார்.

"டேய், எல்லாரும் எழுதுற மாதிரி நேரா எழுதுடா. அஞ்சு எழுத்து. முடிஞ்சுது ஜோலி."

"அஞ்சு எழுத்துல தெருவுக்குப் பத்துப் பேர் இருக்காங்கண்ணே. நம்ம பொண்ணு தனியாத் தெரிய வேணாமா?"

"தெரிவா, தெரிவா. கூப்பிட்டா திரும்பாத பொண்ணுன்னு நல்லாத் தனியாத் தெரிவா."

மாடிக்காரர் என்னையும் விடவில்லை. "தம்பி, நீ படிச்ச பிள்ளை. இந்த 'எச்' முன்னால வரலாமா, பின்னால வரலாமா?" எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், மூன்று வருடம் படித்து வாங்கிய பட்டத்துக்கு முதலில் கிடைத்த வேலை இதுதான். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எப்படி எழுதினாரோ, அப்படியேதான் என் பெயர் பட்டத்திலும் இருக்கிறது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட எழுத்து குறைகிறது என்று சொன்னதில்லை. இதைச் சொன்னேன். "உன் காலம் வேற தம்பி" என்றார். எனக்கு வயது இருபத்து மூன்று.

கடையிலாவது சும்மா இருந்தாரா? கண் பார்க்க வருகிறவர்கள் படிக்கும் எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, குழந்தையின் பெயரை வகைவகையாக எழுதி, மேலே பெரிதும் கீழே சிறிதுமாக ஒட்டிவைத்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். இவர் மனத்திலிருந்த உச்சரிப்பு அவர் வாயில் வரவேயில்லை. வேறு கண்ணாடி போட்டார்.

"இப்பப் படிங்க."

படித்தார். பெண் பெயர் ஏதோ மருந்தின் பெயர் போல வந்தது. இன்னும் கனமான கண்ணாடி. மருந்து மாறியது, நோய் தீரவில்லை. கடைசியில் அந்த மனிதர் சோடாப்புட்டிக் கண்ணாடியோடு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார். "தம்பி, இதப் போட்டா என் வீட்டுக்காரி என்னைவிட உசரமாத் தெரியுறா. ஏற்கெனவே பயம்." கடை முதலாளி ஒட்டியிருந்ததையெல்லாம் கிழித்தெறிந்தார்.

இதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. முதல் பிறந்தநாளுக்குள் பெயரைப் பதியாவிட்டால் அலைய வேண்டியிருக்கும் என்று பதிவு அலுவலகத்தில் எச்சரித்திருந்தார்கள். அலைச்சலா பெரிது? அவர் மனைவிக்கு இருந்த துக்கமே வேறு. ஒருநாள் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னார்: "வயித்துல இருந்தப்பவே அந்தப் பேரச் சொல்லித்தான் தம்பி பேசுவேன். இப்ப கண்ணு முன்னால இருக்கா, கூப்பிட வழியில்ல."

போன ஞாயிறு நான் கீழே சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தேன். மாடிக் கதவு திறந்திருந்தது. நிமிர்ந்தால், குழந்தை மேல்படியின் விளிம்பில்! ஒரு கை ஏற்கெனவே அந்தரத்தில். உள்ளே பென்சிலோடு மேசையில் இருந்தவரும் அப்போதுதான் பார்த்திருக்கிறார்.

"குட்டி! தங்கம்! பட்டு! ஏய் செல்லம்!"

எது தன் பெயர் என்று அதற்கு என்ன தெரியும்? இன்னொரு கையும் முன்னால் நகர்ந்தது.

அடுப்படியிலிருந்து ஒரே ஒரு குரல். அந்தப் பெயர், எழுத்துக் கலப்பில்லாமல், முழுசாக.

குழந்தை நின்றது. திரும்பியது. பல்லில்லாத வாயால் சிரித்தது. அதற்குள் நான் பாய்ந்தேறிப் பிடித்துவிட்டேன்.

அப்பாக்காரர் ஓடி வந்து மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நான் கடைக்குப் போனதும் தினம் கூப்பிட்டிருக்க, இல்ல?" என்றார் மனைவியிடம். அவர் தலையசைத்தார். மனிதர் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அது சரி, எந்த எழுத்துல கூப்பிட்ட?"

அந்த அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் பதிவு அலுவலகம் திறக்கும் முன்பே, குழந்தையோடும் கணவரின் அண்ணனோடும் அதன் வாசலில் நின்றிருந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கிற நேரத்தில் உங்கள் பெயரில் ஓர் 'ஏ' கூட்டினால் எப்படியிருக்கும் என்று மனத்துக்குள் எழுதிப் பார்க்கவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். நன்றாயிருந்ததா? அடடா, அப்படியானால் உங்கள் வீட்டு மாடிக் கதவை முதலில் சாத்துங்கள்.