வாயை மூடாத போனும் துளுக்காத கிடாயும்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதிலும் சாதா முட்டாள் இல்லை. சொந்தப் போனைச் சொந்த விரலால் பேச வைத்துவிட்டு, அதன் வாயை மூடத் தெரியாமல் ஒரு காலைப்பொழுது முழுக்க அல்லாடி, கடைசியில் ஒரு கிடாயையும் ஒரு குலதெய்வத்தையும் பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டவன்.

இத்தனைக்கும் எனக்கு 'போன் டாக்டர்' என்று ஒரு பட்டம் உண்டு. (கொடுத்தது நானேதான்.) நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் என்னிடம் போனை நீட்டுவார்கள். படம் இறங்கவில்லை, எழுத்து சின்னதாகிவிட்டது, மனைவி நம்பர் தானாகவே பிளாக் ஆகிவிட்டது என்று விதவிதமான வியாதிகள். வாங்கி, அணைத்து, திரும்பப் போட்டுக் கொடுப்பேன். பாதி சரியாகிவிடும். மீதியை "மதர்போர்டு போயிருச்சுங்கண்ணா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்கு இருப்பது அறிவு இல்லை, ஆர்வம். எதற்கென்று தெரியாத பொத்தான் ஒன்று கண்ணில் பட்டால், அதைத் தட்டாமல் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

என் மனைவி கோமதியின் தங்கை தாமரை. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சேலத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். அங்கே கூட வேலை பார்த்த பிரபுவை அவளுக்குப் பிடித்துப்போனது. ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். அவனுக்கும் அப்படியே. வீட்டில் சொன்னபோது மாமனார் கத்தவில்லை. எழுந்துபோய் மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கண்ணு தெரியாத புள்ளைய அத்தன தூரத்துல குடுத்துட்டு, ஒரு அவசரம்னா நான் எப்படி அம்மிணி ஓடி வாரது?"

"ஆத்தூருக்கு பஸ்ஸு இருக்குதுங்கப்பா," என்றாள் தாமரை.

மாமனார் துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். துடைத்துவிட்டு, பாரத்தைத் தூக்கிக் குலதெய்வமான கருப்பணசாமியின் தலையில் வைத்துவிட்டார். "சாமி உத்தரவு குடுத்தா எனக்கு மறுப்பில்ல. குடுக்கலைன்னா இந்தப் பேச்சை இத்தோட உட்ரோணும்." தாமரையும் சரி என்றாள். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

உத்தரவு கேட்பதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை இருக்கிறது. கிடாயைக் கோயில் முன்னால் நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமிக்குச் சம்மதம். இதைத்தான் துளுக்குவது என்பது. மூன்று தடவை ஊற்றியும் துளுக்கவில்லை என்றால் சம்மதம் இல்லை. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மல்லசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் மாமனார் வீட்டில் எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். தாமரை கட்டிலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். (பார்ப்பது என்றுதான் அவளும் சொல்வாள்.) போனின் திரை கறுப்பாக இருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், சந்தையில் ஏலம் விடுகிறவரை யாரோ துரத்திக்கொண்டு வருவது போன்ற வேகத்தில் பேசிக்கொண்டே போனது. எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. தாமரையோ விரலை இப்படியும் அப்படியும் தள்ளி, பிரபுவின் செய்தியைக் கேட்டு, பதில் அனுப்பி, பஸ் நேரம் பார்த்து, மூடியும் வைத்துவிட்டாள்.

எனக்குள் ஆர்வம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"தாமரை, அது எப்படி வேலை செய்யுது?"

"ஒருக்காத் தொட்டா, விரலுக்குக் கீழ என்ன இருக்குதுன்னு சொல்லுங்க மாமா. வேணும்னா ரெண்டு தட்டுத் தட்டினாத் தொறக்கும். வேண்டாம்னா தள்ளிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

"எல்லாப் போன்லயும் இருக்குதா?"

"இருக்குதுங்க. உங்களுக்கு எதுக்கு? கண்ணு நல்லாத்தான இருக்குது."

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"தெரிஞ்சுக்கங்க. தொட்டுறாதீங்க."

இதைவிடத் தெளிவான எச்சரிக்கையை ஒரு மனிதனுக்குக் கொடுக்க முடியாது. நான் நேராக டிராக்டர் நிறுத்தும் கொட்டகைக்குப் போய், ஒரு சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து, போனின் அமைப்புகளைத் திறந்தேன். 'அணுகல்தன்மை' என்று ஒரு இடம். இத்தனை வருடமாக அதை நான் அணுகியதே இல்லை. உள்ளே திரையை வாசித்துக் காட்டும் வசதி இருந்தது. அதற்கு ஒரு குறுக்குவழி, ஒலி கூட்டும் குறைக்கும் விசைகள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பது. அதற்கும் ஒரு பொத்தான். முதலில் அதைத் தட்டினேன். பிறகு பெரிய பொத்தானையும் தட்டினேன்.

"திரைப் படிப்பான் இயக்கத்தில் உள்ளது," என்றது போன், கணீரென்று. டிரைவர்களிடம் பந்தா காட்டுவதற்காகப் போனை முழுக்கத் தமிழில் மாற்றி வைத்திருந்தேன். ஆகவே பேசியதும் சுத்தத் தமிழ்.

முதல் சில நிமிடங்கள் எனக்குப் புல்லரித்தது. எதைத் தொட்டாலும் தன் பெயரைச் சொன்னது. கேமரா, கேமரா என்றது. கடிகாரம், மணி சொன்னது. என் போனில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்றே எனக்கு அன்றுதான் தெரியும். சந்தோஷம் தீர்ந்ததும் நிறுத்தலாம் என்று பொத்தானைத் தொட்டேன். அதைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் வந்தது. "இயக்க, இருமுறை தட்டவும்." மறுபடி தொட்டேன். "இயக்க, இருமுறை தட்டவும்." பத்திர ஆபீஸில் கைரேகை வைப்பது போல அழுத்தி ஒன்று, சற்று யோசித்து இன்னொன்று என்று தட்டினேன். நகரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தது. நானோ பச்சைக் கட்டத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படக் படக்கென்று வேகமாகத் தட்ட வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குள் திரை பூட்டிக்கொண்டது. திறக்க எண்களைத் தொட்டால், என் ரகசிய எண்ணை ஒவ்வொன்றாகக் கொட்டகைக்கே அறிவித்தது. ஆனால் திறக்கவில்லை.

வெளியே செருப்புச் சத்தம். கோமதி.

"ஏனுங்க, உள்ள யாருங்க பொம்பளை?"

"பொம்பளையா? இல்லையே."

"தட்டவும் தட்டவும்னு ஒருத்தி சொல்லிட்டே இருக்கறாளே."

"கஸ்டமர் கேரு."

"ஞாயித்துக்கெழம கொட்டாயில உக்காந்து கஸ்டமர் கேரா? நேரமாச்சு, வாங்க."

பத்தடி தூரத்தில் தாமரை இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் டாக்டர் போய் இன்னொருவரிடம் வைத்தியம் கேட்பதா? தொடாமல் வைத்தால் பேசாது என்று நானே ஒரு மருத்துவ முடிவுக்கு வந்து, சைலண்ட் செய்யும் சின்ன விசையைத் தள்ளிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். (சைலண்ட் என்பது மணியோசைக்குத்தான், போனுக்குள் வாசிக்கும் குரலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது பின்னால் தெரிந்த விஷயம்.)

கோயிலில் கூட்டம் என்று இல்லை. நாங்கள், பூசாரி, மாமனாரின் அண்ணன், அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் சிலர். கறுப்புக் கிடாய் கழுத்தில் மாலையோடு நின்றது. பூசாரி எல்லாரையும் கையமர்த்தினார். மாமனார் கும்பிட்டபடி சொன்னார்.

"சாமி, அம்மிணி ஆசப்பட்ட எடத்துக்கே அவளைக் குடுக்கறதுக்கு உனக்குச் சம்மதம்னா, கெடா துளுக்கோணும்."

தண்ணீர் விழுந்தது. கிடாய் மாலையைத் தின்றது.

"என்னாச்சுங்க மாமா?" என்று தாமரை என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"சாமந்தி தின்னுட்டு இருக்குது."

இரண்டாவது சொம்பு. கிடாய் பூசாரியை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி மாலைக்குத் திரும்பியது. தாமரை என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் இறுகுவது தெரிந்தது. இந்த நேரம் பார்த்துப் பைக்குள் போன் பேசித் தொலைக்குமோ என்று பயம் வந்து, துணிக்கு மேலாகவே விசையைத் தடவி ஒலியைக் குறைத்தேன். குறைத்ததாகத்தான் நினைத்தேன். உச்சிக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது சொம்பு. காற்றுக்கூட நின்றுவிட்ட மாதிரி ஒரு அமைதி. கிடாய் மரம் போல நின்றது. பூசாரி உதட்டைப் பிதுக்கினார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

"முட்டை லோடு சேகர் அழைக்கிறார்!"

கணீரென்ற பெண் குரல், என் நெஞ்சிலிருந்து. கிடாய் நாலு காலிலும் எம்பிக் குதித்து, கொம்பில் ஆரம்பித்து வால்வரை ஒரு துளுக்குத் துளுக்கியது பாருங்கள், மஞ்சள் தண்ணீர் தெறிக்காத சட்டை அங்கே ஒன்றுகூட இல்லை.

"உத்தரவு குடுத்தாச்சு!" என்று கத்தினார் பூசாரி. கோமதி குலவை போட ஆரம்பித்தாள்.

"முட்டை லோடு சேகர் அழைக்கிறார்!"

குலவை பாதியில் நின்றது. மாமனார் மெதுவாகக் கண்ணைத் திறந்து என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, கெடா சாமி சொல்லித் துளுக்குச்சுங்களா, உங்க போனு சொல்லித் துளுக்குச்சுங்களா?"

"சாமி எதுல வேணும்னாலும் வருமுங்க," என்றார் பூசாரி. சொம்பு மூன்றும் தீர்ந்த நிலையில் அவருக்கும் ஒரு முடிவு தேவைப்பட்டது.

"வரட்டுங்க," என்றார் மாமனாரின் அண்ணன். "சாமி வந்து எதுக்கு முட்டை லோடப் பத்திப் பேசோணும்?"

சிரிப்பு கிளம்பியது. மாமனார் சிரிக்கவில்லை. "இது செல்லாது. அந்தப் போன மொதல்ல நிறுத்துங்க. இன்னொரு சொம்பு, கடைசியா ஒருக்காக் கேக்கலாம்."

நிறுத்த வேண்டுமே. நான் தொட்டேன், பேட்டரி நிலவரம் சொன்னது. பூசாரி வாங்கித் தொட்டார், தேதி சொன்னது. மாமனாரின் அண்ணன் வாங்கி, கையை எட்ட நீட்டிப் பிடித்துக் கண்ணை இடுக்கிப் பார்த்து, கட்டைவிரலால் ஒரு குத்துக் குத்தினார். "இயக்க, இருமுறை தட்டவும்." "என்னடா இது, நம்மளையே அதட்டுது!" என்று என்னிடமே திருப்பித் தந்தார்.

"இங்க குடுங்க மாமா," என்றாள் தாமரை.

கொடுத்தேன். பக்கவாட்டு விசையை அவள் அழுத்தி அழுத்தி, அந்தக் குரலைக் கிணற்றுக்குள் இறக்குவது போல இறக்கினாள். பிறகு இரண்டு விசைகளையும் சேர்த்து ஒரு பிடி. அவ்வளவுதான்.

"நின்னுருச்சுங்கப்பா." பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "காலைலருந்து இதோடயா மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க? ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்னங்க?" என்றாள். முகத்தில் வழிந்த மஞ்சள் தண்ணீரைத் துடைத்துக்கொண்டேன்.

"இந்தத் தடவ கயித்த நான் புடிச்சுக்கறேனுங்கப்பா," என்றாள் தாமரை. "கெடா மெரண்டு போயி நிக்குது. அப்பறம், கல்யாணம் எனக்குத்தான?"

மாமனார் யோசித்தார். "புடி அம்மிணி," என்றார்.

அவள் போய் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தாள். இன்னொரு கை முந்தானைக்குள் மறைந்து, கிடாயின் கழுத்தை அணைத்தாற்போல் இருந்தது. தண்ணீர் விழுந்தது. பூசாரி மணியை அடித்தார். கிடாய் அசையாமல் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். அப்புறம் யாருமே எதுவும் சொல்லாமல், எந்த லோடும் வராமல், அது பிடரியிலிருந்து வால்வரை பிரமாதமாகத் துளுக்கியது.

மாமனார் அப்படியே கீழே உட்கார்ந்து அழுதார். "ஆத்தூருக்குப் பஸ்ஸு எத்தன மணிக்கெல்லாம் இருக்குது அம்மிணி?" என்று கேட்டுக்கொண்டே அழுதார்.

போன் என் கைக்கு வந்தது வீடு திரும்பிய பிறகுதான். பின்பக்கம் மஞ்சள் ஈரம். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கறுப்பு மயிர். சரி, கோயிலில் இருந்ததல்லவா என்று துடைத்துவிட்டுத் திரையைத் தொட்டேன். எறும்பு பேசுவது போல ஒரு குரல்: "கேமரா. இயக்க, இருமுறை தட்டவும்."

தாமரை நிறுத்தியதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். பிறகு யார் போட்டது?

ஆர்வம் என்னைச் சும்மா விடுமா? கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு விசைகளையும் சேர்த்துப் பிடித்தேன். போன் உள்ளங்கையில் ஒரு நடுக்கம் நடுங்கி நின்றது. மறுபடி பிடித்தேன். மறுபடி அதே நடுக்கம். ஆராய்ச்சியை முழுமையாக்க, பிடரியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, போனை அங்கே வைத்து அழுத்தினேன். நானே துளுக்கினேன்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்று சன்னலிலிருந்து கோமதி கேட்டாள். நல்லவேளையாக அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கல்யாணம் ஜோராக நடந்தது. முட்டை லோடு சேகருக்குத் தாம்பூலத்தோடு பத்திரிகை போனது. இத்தனை மரியாதை எதற்கென்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. இப்போதும் எந்தக் கோயிலில் சொம்பைத் தூக்கினாலும் மாமனார் ஒரு நொடி நிறுத்தி, "மாப்ள, லோடு ஏதாச்சும் வருதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். மொத்தச் சொந்தமும் சிரிக்கும். தாமரைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

போன மாதம் ஆத்தூரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். பிரபு கடைக்குப் போயிருந்தான், கோமதி குளித்துக்கொண்டிருந்தாள். இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று, பக்கத்தில் போய் உட்கார்ந்து மெல்லக் கேட்டேன்.

"ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லு தாமரை. அன்னிக்கு முந்தானைக்குள்ள என் போன வெச்சு என்ன பண்ணுன?"

அவள் தன் போனிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னாள்:

"கல்யாணச் சோறு தின்னீங்கல்ல, அப்பறமென்னங்க மாமா?"