மறியலில் கொடுத்த பட்டாணி சூப்

அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தோழர் இராசநாயகத்தைக் கூட்டிப்போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிட வைப்பது.

இராசநாயகம் நோர்வேயில், பேர்கன் நகரத்தில் இருப்பவர். முப்பது வருடத்துக்கு முன்பு யாழ்ப்பாணத்தில் சுருட்டுத் தொழிலாளருக்காக நானும் அவரும் ஒரே சங்கத்தில் நின்று கத்தியவர்கள். இப்போது அவர் அங்கே ஒரு காலாண்டு இதழ் நடத்துகிறார். அதன் மூன்றாம் பக்கத்தில் என் பத்தி வரும். 'மொன்றியால் போர்க்களம்' என்று தலைப்பு. உலகத்தில் என் பெயர் அச்சில் வருகிற இடம் அது ஒன்றுதான். மின்சார பில்லிலும் வரும், ஆனால் எழுத்துப் பிழையோடு.

அந்தப் பத்தியில், "உணவகத் தொழிலாளர் மத்தியில் வேலை செய்கிறேன்" என்று எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. ஒரு கியூபெக் உணவகத்தில் பதினொரு வருடம் கோப்பை, சட்டி கழுவினேன். கழுவுகிற தொட்டி தொழிலாளர் மத்தியில்தான் இருந்தது.

"இந்த நகரத்தில் என்னைத் தெரியாத தொழிலாளி இல்லை" என்றும் ஒருமுறை எழுதினேன். அந்த இதழில் பத்திக்கு நாலு வரி போதாமல் இருந்தது, நிரப்ப வேண்டும். வேறு என்ன செய்வது?

இராசநாயகம் ரொறன்ரோவுக்கு ஒரு கலியாணத்துக்கு வந்தவர், இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கும் வந்தார். கழுத்தில் புது டிஜிட்டல் கமரா. வந்த இரவே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"உம்மட பத்தியைத் தொடர்ந்து போடுறதோ எண்டு நேரில பாத்து முடிவெடுக்கச் சொல்லி ஆசிரியர் குழு சொல்லியிருக்கு."

"ஆசிரியர் குழுவில ஆர் ஆர்?"

"நான்தான்."

காலையில் என் மனைவி, "மத்தியானத்துக்கு நண்டு வைக்கிறன்" என்றாள்.

"நண்டு பேர்கனிலயும் இருக்கு தங்கச்சி," என்றார் இராசநாயகம். "இவர் எனக்கு இந்த ஊர்ச் சாப்பாட்டைக் காட்டட்டும்."

இதில் ஒரு போட்டி இருந்தது. பேர்கனுக்கு யார் போனாலும் அவர் விடமாட்டார். மீன் சந்தைக்குக் கூட்டிப்போய், காய்ந்த மீனில் தொடங்கிப் பாதி ஆட்டுத்தலை வரைக்கும் தின்னக் கொடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் அந்த நகரத்துத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு பக்கம் சொல்லுவாராம். போய்வந்த தோழர்கள் எல்லாரும் எனக்குக் கடிதம் போட்டு அதைப் புகழ்ந்திருந்தார்கள்.

"இவரோ காட்டப்போறார்?" என்று மனைவி தொடங்கினாள். "இவர் இஞ்சத்தைச் சாப்பாட்டை..."

"எனக்குத் தெரியாத சாப்பாடு இந்த ஊரில இல்லை," என்று நான் எழும்பிவிட்டேன்.

உண்மை உங்களுக்கு மட்டும். நான் இந்த ஊர்ச் சாப்பாட்டை வாயில் வைத்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தலைமைச் சமையல்காரன் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுகிற 'பை'யில் மிஞ்சிய ஒரு துண்டை என் பக்கம் தள்ளினான். "கூலிக்கு வந்தனான், மிச்சத்துக்கு வரேல்லை" என்று தமிழில் சொன்னேன். அவனுக்கு விளங்கியது. பிறகு பதினொரு வருடம் யாரும் எனக்கு எதையும் தள்ளவில்லை. அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. அன்றைக்குப் பசியும் இருந்தது.

ஆனால் கோப்பையில் ஒட்டியிருந்ததை வைத்து எனக்கு எல்லாம் தெரியும். துண்டுப்பிரசுரத்தை வைத்து உலகம் முழுவதையும் படித்த மாதிரி.

பார்க் எக்ஸ்டென்ஷனில் மெட்ரோ ஏறினோம். பழைய நகரத்தில் ஒரு உணவகத்தின் படத்தை ஒரு பஸ்ஸின் விலாவில் பார்த்திருந்தேன். அங்கே போவதுதான் திட்டம். பெப்ரவரி மாதக் குளிர். மூக்கு மயிர் முள்ளாய் நின்றது.

உணவக வாசலில் ஒரு கூட்டம்.

பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் வயதானவர்கள். எல்லார் கையிலும் மஞ்சள் பட்டி. முன்னால் ஒரு இளம்பெண், கையில் நீண்ட கம்பு, கம்பின் நுனியில் ஒரு அட்டை. அட்டையில் பிரெஞ்சில் என்னவோ எழுதி, ஒரு கரண்டியும் முள்ளுக்கரண்டியும் குறுக்காகப் போட்டிருந்தது. அரிவாளும் சுத்தியலும் பார்த்தே பழகிய கண் எனக்கு.

அந்தப் பெண் கையை வீசி உரக்கப் பேசினாள். கூட்டம் கை தட்டியது. ஒருவரும் உள்ளே போகவில்லை.

இராசநாயகம் கதவில் கை வைக்கப் போனார். நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"தோழர், இது மறியல்."

"மறியலோ?"

"உணவகத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அட்டையைப் பாரும். மறியல் நிக்கிற வாசலைத் தாண்டுறது எனக்குப் பழக்கமில்லை."

பழக்கமில்லை என்றால் இல்லைதான். ஊரில் ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில் ஊழியர்கள் மறியல் நின்றார்கள். திரும்பி வந்து பதினாறு நாள் கன்னம் வீங்கிக் கிடந்தேன். என் மேல்வரிசை இன்றைக்குப் பொய்ப்பல்லாக இருப்பதற்கு அந்தக் கொள்கையும் ஒரு காரணம்.

இராசநாயகம் அட்டையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஒரு உயரமான அம்மா, அந்தப் பெண் பிரெஞ்சில் சொன்னதை வேறொரு மொழியில் மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தா. அதைக் கொஞ்சநேரம் கேட்டார். பிறகு முகத்தை மரணவீட்டுக்குப் போனவர் மாதிரி வைத்துக்கொண்டார்.

"நீர் சொன்னால் சரி தோழர். நீர்தானே உள்ளூர்."

முன்னுக்குப் போய் அந்த அம்மாவோடு இரண்டு வார்த்தை கதைத்தார். நாங்கள் மறியலில் சேர்ந்தோம்.

சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, உள்ளேயிருந்து ஒரு பரிசாரகன் தட்டு நிறையக் கடுதாசிக் குவளைகளோடு வந்தான். ஆவி பறக்கிற மஞ்சள் பட்டாணி சூப். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீரோ? உள்ள வேலை செய்யிறவன் வெளிய நிக்கிறவனுக்குச் சூப் கொண்டுவாறான். இது எந்த நாட்டில நடக்கும்?"

"பேர்கனில நடக்காது," என்று இராசநாயகம் ஒத்துக்கொண்டார்.

குடித்தேன். பதினொரு வருடம் கழுவிய சூப். நல்ல ருசி. அந்தச் சமையல்காரன்மேல் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது, இன்னொருமுறை கேட்டிருக்கலாமே என்று.

உயரமான அம்மா எங்களுக்கும் இரண்டு மஞ்சள் பட்டி தந்தா. இராசநாயகம் அவவோடு திரும்பவும் ஏதோ கதைத்தார்.

"என்ன ஆக்கள் தோழர்?"

"வடக்குப் பக்கத்து ஆக்கள்."

"என்ன சொல்லுகினம்?"

"நீர் வந்தது பெரிய சந்தோசமாம்."

அட்டை நகர்ந்தது. கூட்டம் அதன் பின்னால் போனது. அந்த நடையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவர் கடைக் கண்ணாடியைப் பார்க்கிறார், ஒருவர் குதிரை வண்டியைப் படம் எடுக்கிறார். இப்படிப் போனால் எந்த முதலாளி பயப்படுவான்? முன்னுக்கு ஓடிப்போய், கையைக் காட்டி, எல்லாரையும் மூன்று மூன்று பேராக நிறுத்தினேன். தோளோடு தோள் கோர்க்க வைத்தேன். பனியில் சறுக்கிக்கொண்டிருந்த கிழங்களுக்கு அது நல்ல வசதியாகப் போய்விட்டது. அட்டை பிடித்த பெண் என்னைப் பார்த்து "மெர்சி, முசியே" என்றாள்.

எனக்குச் சமையலறைப் பிரெஞ்சுதான் தெரியும். 'கெதியா', 'சுடுது', 'இன்னும் இருக்கு'. அதோடு 'ஒருமைப்பாடு' என்பதற்கான பிரசுரச் சொல்லும் தெரியும்.

"சொலிதாரித்தே," என்றேன், கையை மடக்கி உயர்த்தி.

அவள் சிரித்து, திரும்பிக் கூட்டத்துக்குச் சொன்னாள். கூட்டம் முழுவதும் கையை உயர்த்தி, "சொலிதாரித்தே" என்றது. இராசநாயகம் படம் எடுத்தார்.

மூன்றாம் பக்கம் என் கையை விட்டுப் போகாது என்று அப்போதே எனக்கு நிச்சயமாகிவிட்டது.

இரண்டாவது இடத்திலும் மறியல். அங்கேயும் சாப்பாடு வந்தது. இறைச்சிப் 'பை'யில் சின்னச் சின்னத் துண்டு, பன்றிக் கொழுப்பும் மேப்பிள் மரச்சாற்றுப் பாணியும் ஊற்றி வேகவைத்த வெள்ளை பீன்ஸ். இப்போது நான் வழிகாட்டி. தோழருக்கு ஒவ்வொன்றாக விளக்கினேன்.

"பட்டாணி சூப் லேசு. ஒரு தண்ணியில போயிடும். பை பரவாயில்லை. பீன்ஸ்தான் பொல்லாதது. காயவிட்டால் முடிஞ்சுது, கத்தி வேணும். சுடுதண்ணியில அரைமணித்தியாலம் ஊறவேணும்."

"ருசி எப்பிடி?"

"ருசியை விடும். ஓரத்தில கறுப்பாய்ப் பிடிக்கும், அதைத்தான் பாக்கவேணும்."

"இவ்வளவு விபரம் எப்பிடித் தெரியும் தோழர்?"

"கள ஆய்வு," என்றேன்.

இராசநாயகம் இருமினார். வெகுநேரம் இருமினார்.

மூன்றாவது இடம் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சதுக்கம். மரத்தொட்டி நிறையச் சுத்தமான பனி. அதன் மேல் ஒருவன் கொதிக்கிற மேப்பிள் பாணியைக் கோடு கோடாக ஊற்றினான். அது இறுகுவதற்கு முன் ஒரு குச்சியில் சுருட்டி, இனிப்பாக ஆளுக்கொன்று கொடுத்தான். நானும் ஒன்றை வாங்கி ஒரு கடி கடித்தேன்.

"தோழர்," என்றார் இராசநாயகம், "நீர் ரெண்டு சொல் பேசவேணுமாம். கேக்கினம்."

என்னை யாரும் பேசக் கேட்டுப் பல வருடம். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. ஏறினேன்.

சுருட்டுக் கொட்டிலில் தொடங்கினேன். தமிழில் பேசினேன், இராசநாயகம் மொழிபெயர்த்தார். பேர்கனிலிருந்து கலியாணத்துக்கு வந்த மனிதருக்கு மொன்றியால் தொழிலாளரின் மொழி எப்படித் தண்ணிபட்ட பாடாக வருகிறது என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் சர்வதேசியம் என்றே நினைத்தேன்.

சனம் நல்ல சனம். நான் சுரண்டலைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார்கள். உபரி மதிப்பைச் சொன்னபோது சிரித்தார்கள். அது கொஞ்சம் இடித்தது. ஆனாலும் ஒரு அம்மா கண்ணைத் துடைத்ததையும் கண்டேன்.

முடிக்கிற நேரம் வந்தது. தொண்டையை நனைக்கக் குச்சியில் இன்னொரு கடி கடித்தேன். கடைசி முழக்கத்துக்கு வாயைப் பெரிதாகத் திறக்க வேண்டும். திறக்க முடியவில்லை. கடித்த பாணி மேல்வரிசையில் பிடித்து, கல்லாய் இறுகியிருந்தது. குச்சியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தேன். இழுத்த வேகத்தில் கை தானாக மேலே போனது. குச்சியின் நுனியில் பாணி, பாணியில் என் மேல்வரிசை முழுவதும்.

கமரா பளிச்சென்று வெட்டியது.

சதுக்கம் முழுவதும் கை தட்டினார்கள். பெட்டியிலிருந்து என்னை இறக்கிவிட இரண்டு பேர் வந்தார்கள். பாணி ஊற்றியவன் சுடுதண்ணி தந்தான். ஒட்டினதைக் கழற்றுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பல்லைப் போட்டு நிமிர்ந்தபோது ஒரு பெரிய சொகுசு பஸ் வந்து நின்றது. அட்டை பிடித்த பெண் எல்லாரிடமும் மஞ்சள் பட்டியை வாங்கி, பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தாள். வேலைநிறுத்தக்காரர் ஒவ்வொருவராக எனக்குக் கை கொடுத்துவிட்டு ஏறினார்கள்.

"எங்க போகினம்? சங்கக் காரியாலயத்துக்கோ?"

"ஹோட்டலுக்கு," என்றார் இராசநாயகம். "திங்கக்கிழமை ஒஸ்லோவுக்கு."

பஸ் புறப்பட்டது.

"நோர்வேக்காரரோ?"

"ஓய்வூதியக்காரர். ஊர்ச் சாப்பாட்டைக் காட்டி நகரத்தைச் சுத்திக் காட்டுற சுற்றுலா. அந்தப் பிள்ளைதான் வழிகாட்டி. ரெண்டு பேர் தடிமன் காய்ச்சலோட ஹோட்டலில படுத்திட்டினம். அவையின்ர பங்கைத்தான் நாங்கள் திண்டது. நான் கேட்டுச் சொல்லிப்போட்டுத்தான் சேர்ந்தனான்."

"உமக்கு எப்ப தெரியும்?"

"முதல் நிமிசமே. அந்த உயரமான மனிசி, சூப் எப்ப வரும் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டா."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

இராசநாயகம் கமராவை உறையில் போட்டார்.

"ஊரில என்ர பிரசுரம் ஒண்டைக் குழுவில வச்சனான், ஞாபகமோ? கோரிக்கை இல்லாத பிரசுரம் எண்டு நாப்பது நிமிசம் கதைச்சு விழுத்தினீர். அண்டைக்கு உம்மை ஒருத்தரும் இடையில நிப்பாட்டேல்லை. இண்டைக்கு நான் மட்டும் ஏன் நிப்பாட்டவேணும்?"

கோரிக்கை இல்லாத பிரசுரம்தான் அது. இப்போதும் சொல்லுவேன். அப்போது சொல்லவில்லை.

"நான் பேசினதையாவது ஒழுங்காய் மொழிபெயர்த்தீரோ?"

"இல்லை."

"பேந்து என்ன சொன்னனீர்?"

"இந்த மனிசன் பதினொரு வருசம் இந்த ஊர்க் கோப்பை கழுவினவர், எந்தச் சாப்பாடு கோப்பையில எப்பிடி ஒட்டும் எண்டு சொல்லுறார் எண்டு சொன்னனான். சமையல்காரன் தள்ளின 'பை'யை நீர் வாங்காமல் விட்டதையும் சொன்னனான். அதுக்குத்தான் அந்த மனிசி அழுதவ."

"உமக்கு ஆர் சொன்னது?"

"தங்கச்சி. வந்த அண்டைக்கு இரவே."

மெட்ரோவில் திரும்பி வரும்போது ஒரு விஷயத்தை மட்டும் கேட்டேன்.

"அப்ப என்ர பத்தி?"

"ஆசிரியர் குழு கூடித்தான் சொல்லவேணும்," என்றார் இராசநாயகம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு மாதம் கழித்து இதழ் தபாலில் வந்தது. மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். யாரோ பாரிஸ்காரர் எழுதியிருந்தார். அவர் எழுதியதில் கோரிக்கையே இல்லை. இதழைச் சுருட்டி எறியப் போனேன். மனைவி பறித்து, கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

அரைப்பக்கத்துக்கு என் படம். மரப்பெட்டியின் மேல், உயர்த்திய கையில் குச்சி, குச்சியில் பல். கீழே: 'மொன்றியாலைச் சாப்பாட்டால் அறிவோம்: எங்கள் உள்ளூர் வழிகாட்டி இனி இந்தப் பக்கத்தில்.'

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி, "பேரை இதிலயாவது பிழையில்லாமல் போட்டிருக்கினம்."

இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் எழுதி அனுப்பினேன். மாதாமாதம் அல்ல, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதானே.

போர்க்களம் எழுதிய ஒன்பது வருடத்தில் எனக்கு ஒரு வாசகர் கடிதமும் வந்ததில்லை. இப்போது ஐந்து வந்திருக்கிறது. ஐந்து பேரும் கேட்டிருப்பது பீன்ஸ் பிடித்த சட்டியை எப்படிக் கழுவுவது என்று, நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு உண்மையாகவே பதில் தெரிந்த முதல் கேள்வி அதுதான்.