கூடத்தில் ஓர் இங்கிலீஷ் வண்டி

பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. தெருவுக்குத் தெரு இருக்க மாட்டார்கள். ஆனால் ஒருவர் இருந்துவிட்டால் அந்தத் தெருவுக்கே தெரியும். நகத்தில் கறுப்பு, சட்டையில் எண்ணெய், வாயில் 'ஒரிஜினல்'. எதிரே வருகிறவரிடம் மரியாதைக்கு "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "கார்புரேட்டர்தான் கொஞ்சம் படுத்துது" என்பார். நீங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். அவரும் உடம்பைப் பற்றித்தான் சொன்னார்.

நான் சொல்லப்போகிறவரைத் தெருவில் 'பிஸ்டன் சார்' என்பார்கள். அவருக்கு வேறு பெயரும் இருந்தது. ஆபீஸைத் தவிர மற்ற எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். உத்தியோகம், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. கண் கலங்கி நிற்கிற வண்டிக்காரரிடம், கதவோரத்துப் பொட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இது விபத்துக்கு முன்னாடியே இருந்த துரு. இதுக்கெல்லாம் பணம் வராது" என்று ஈவிரக்கமில்லாமல் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறவர்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணைக்குப் போனார். பின்கொட்டகையில் அது நின்றது. அப்பா காலத்துக்கும் முந்திய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் டாங்கிக்குள் விரலை விட்டால் வைக்கோல் வந்தது.

"கடைசியா ஓடினப்ப நல்லாத்தான் சார் ஓடிச்சு" என்றார் பண்ணைக்காரர். நின்றுபோன எந்த வண்டிதான் கடைசியாக ஓடியபோது ஓடவில்லை?

"அத்தான், இதுல துருவைத் தவிர வேற என்ன இருக்கு?" என்று காதோரம் கேட்டான் மைத்துனன்.

பிஸ்டன் சார் அந்த இரும்பைக் கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவினார். "இது துரு இல்லப்பா. வயசு."

பொருளைத் திட்டிக்கொண்டே விலை கேட்பதுதான் உலக வழக்கம். இந்த இனத்துக்கு அது வராது. கண்ணில் நீர் கோக்க நிற்கிறவரைப் பார்த்ததும் பண்ணைக்காரர் மனசில் விலை தானாக ஏறியது. கோழியை மட்டும் இறக்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தார்.

டெம்போ வீட்டு வாசலில் நின்றபோது மனைவி வெளியே வந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். ஒரு துளியைப் பார்த்தே உள்ளே இருக்கிற நோயைச் சொல்லிவிடுவார்.

"என்னங்க இது?"

"மோட்டார் சைக்கிள்."

"மீதி?"

"பின்னாடி சாக்குல இருக்கு."

பின்பக்கத்து அறையில் ஈரம் என்று சொல்லி, வண்டியைக் கூடத்தில் நிறுத்தினார். "சின்ன வேலைதான். ரெண்டு வாரம்" என்றார். பிரித்துப் போடுவதற்கு உண்மையிலேயே ரெண்டு வாரம்தான் ஆனது. இந்த இனத்துக்குப் பிரிப்பதில் வருகிற வேகம் சேர்ப்பதில் வருவதில்லை. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இது அசையாமல் நின்றபடி வீட்டையே தின்றது. சோபாவில் மட்கார்டு, புத்தக அலமாரியில் செயின், டிபன் டப்பாக்களில் நட்டும் போல்ட்டும், அந்த நட்டுக்கு எந்தக் கடை ஸ்பானரும் சேராது என்பதால் கடல் கடந்து வந்த ஸ்பானர்கள் பட்டுத் துணி சுற்றிப் பீரோவில், அதற்கு இடம் விட்டு மனைவியின் புடவைகள் கட்டிலுக்கு அடியில். ஒருநாள் மனைவி வேலை முடிந்து வந்தபோது கேஸ் அடுப்பில் எஞ்சினின் பாதி வெந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் ஐஸ் தட்டில் ஒரு பேரிங்.

"என்ன சமையல்?"

"இது சூட்டுல விரியணும், அது குளிர்ல சுருங்கணும். அப்பதான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்தும்."

"நாம சாப்பிடறது?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். குடி இல்லை, கோபம் இல்லை, அடுத்தவர் வம்பு இல்லை. எதைக் கேட்டாலும் 'முடியாது' என்ற சொல்லே வாயில் வராது. அவர் சொல்வதெல்லாம், "சின்ன வேலைதான், நாளைக்குப் பாத்துடறேன்." மனைவிக்கு ஒரு ஸ்கூட்டர் இருந்தது. விடியற்காலையில் அதில்தான் வேலைக்குப் போவார். "பின் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குதுங்க. கம்பி நைஞ்சிருக்கு போல" என்று அவர் முதலில் சொன்னபோது பிஸ்டன் சார் ஒரு திருகாணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னபோது அந்தத் திருகாணி ஒரிஜினலா, பின்னால் வந்ததா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மனைவி சொல்வதை நிறுத்திவிட்டார். காலைத் தரையில் தேய்த்து நிறுத்தப் பழகிக்கொண்டார்.

வண்டி ஒருவழியாக முழுசாகி நின்றது. நின்றது, அவ்வளவுதான். தினமும் காலையில் வாசலுக்குத் தள்ளி வந்து கிக்கரை மிதிப்பார். அது ஒரு நேரம் சும்மா இருக்கும், ஒரு நேரம் தும்மும், ஒரு நேரம் மிதித்த காலையே திருப்பி அடிக்கும். கெண்டைக்கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. "ஸ்டார்ட் ஆயிடும்" என்று நொண்டிக்கொண்டே உள்ளே வருவார்.

அன்றைக்கு, குடும்பத்தில் அவசரம் என்று ஆபீஸில் பொய் சொல்லி லீவு போட்டிருந்தார். மனைவி வேலைக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், ஒரே மிதி. வண்டி உயிர் பெற்றது. வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன, தெருநாய் ஓடியது, எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். பிஸ்டன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் யாரிடம் சொல்லத் தோன்றியது? மனைவியிடம்தான். போனைப் போட்டு, எடுத்தார்களா என்றுகூடப் பார்க்காமல் சைலன்சர் பக்கம் நீட்டி, "கேளு! நல்லாக் கேளு!" என்று கத்தினார்.

காதில் வைத்தபோது யாரோ ஓர் ஆணின் குரல். "சார்... அம்மா... விழுந்து... பிரேக்..." மற்றதெல்லாம் எஞ்சின் சத்தத்தில் கரைந்தது.

இப்போது அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஹேண்டிலில் ஒரு சின்ன நெம்புகோல். இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும். கை அதன் மேல் போனது. போன கை அங்கேயே நின்றது. அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமா?

ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள், "சார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம் சார்!" என்று அந்தக் குரல் அலறியது. நெம்புகோலை இழுத்தார். தெரு அமைதியானது. அந்த அமைதியில், தான் யோசித்துக்கொண்டு நின்றது அவருக்கே காதில் கேட்ட மாதிரி இருந்தது.

திருப்பத்தில் பிரேக் கம்பி அறுந்து, மனைவி நடைபாதை ஓரத்தில் விழுந்திருந்தார். மணிக்கட்டு எலும்பு முறிவு. எண்ணெய்க் கையோடு பிஸ்டன் சார் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நொண்டி வந்தவரின் காலைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மலர்ந்தது.

"கிக்கர் திருப்பி அடிச்சுதா?"

"ஆமா டாக்டர்."

"இங்கிலீஷ் வண்டியா? என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. டைமிங்கைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. கார்புரேட்டர் ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தான். ஆனா காத்து எங்கயோ இழுக்குது..."

"டாக்டர்" என்றார் படுக்கையிலிருந்த மனைவி. "என் கையும் ஒரிஜினல்தான்."

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். டாக்டர் மாவுக்கட்டுப் போட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் மைத்துனன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் நிறுத்திவிட்டு, அத்தானின் முகத்தைப் பார்க்காமலே போனான். பிஸ்டன் சார் தெருமுனைக் கடையில் ஒரு கேபிள் வாங்கி வந்தார். தரையில் உட்கார்ந்தார். மாட்டினார். மனைவிக்குப் போட்டு வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் மனைவி.

"ம்."

"ஏங்க, நானும் துருப்பிடிச்சு ஒரு கொட்டகையில கிடந்திருந்தா, கொஞ்சம் சீக்கிரம் பாத்திருப்பீங்களோ?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தலை நிமிரவில்லை. "உடனே நான் வண்டியை அணைக்கல" என்றார் தரையைப் பார்த்து. "அணைச்சா மறுபடி..."

"தெரியும். போனை என் காதுகிட்டத்தான் வச்சிருந்தாங்க. சத்தம் நிக்கவே இல்ல." கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு பிஸ்டன் சாரால் வண்டி துடைக்கிற துணியைத் தேட முடியவில்லை. சட்டை நுனியாலேயே ஸ்கூட்டரின் கீறலைத் துடைத்தார், கண்ணையும் அதாலேயே துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டிருந்த கை மெதுவாக நின்றது. முன்விளக்கின் வளையத்தை விரலால் வருடினார். "இந்த வளையத்தைப் பாரேன்... இந்த மாடலே இப்ப வர்றது இல்ல. எல்லாம் ஒரிஜினலா இருக்கு. இதை மட்டும் முழுசாப் பிரிச்சு..."

"கையை எடுங்க" என்றார் மனைவி. "இது ஓடுற வண்டி."

எடுத்துவிட்டார். மறுநாளே இங்கிலீஷ் வண்டி, ஈரம் என்று சொன்ன பின்னறைக்குப் போனது. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் விடியற்காலையில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து அவரே ஸ்கூட்டர் ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் தேவைக்கு மேலேயே பிரேக் பிடித்தார்.

அப்பாடா, நம் வீட்டில் மோட்டார் சைக்கிளே இல்லை என்றுதானே சிரிக்கிறீர்கள்? ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று அவர் அணைத்தாரே, அந்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆனதா என்று இவ்வளவு நேரமாக உங்கள் மனசு அரித்துக்கொண்டிருக்கிறதா இல்லையா? அதை நான் சொல்லப் போவதில்லை. எழுந்து போய், உங்கள் வீட்டில் யார் எதை எத்தனை முறை சொல்லிவிட்டு அப்புறம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

அந்த அம்மாவின் கை நல்லபடியாகக் கூடிவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.