ஒன்பதாவது அம்பு

ஒரகடம் முதல் சுங்குவார்சத்திரம் வரை என் அறைத்தோழன் அம்புக்குறியின் கண்ணிலிருந்து குறையில்லாமல் தப்பித்தது எதுவுமே கிடையாது, மெஸ் இட்லி உட்பட. எங்கள் கம்பெனியில் செல்போன் போர்டுகளைச் சோதிப்பது அவன் வேலை. பழுதான இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவான்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். குறை இருந்தும் ஓடக்கூடிய போர்டுக்கு மஞ்சள் ஸ்டிக்கர். ஷிப்ட் முடிந்தாலும் சட்டைப்பையில் ஸ்டிக்கரோடுதான் அறைக்கு வருவான்.

அவன் கண் இமைத்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் எங்கள் அறை மின்விசிறியில் அம்பு ஒட்டினான். எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் நாள், அம்பு ஒட்டிய அதே இறக்கை கழன்று, நல்லவேளையாகக் காலியாக இருந்த என் பாயில் விழுந்தது. அதன்பிறகு அவன் யாரையாவது உற்றுப் பார்த்தால், அவர் எழுந்து குளிக்கப் போய்விடுவார்.

ஒரு காலையில் என் இடது செருப்பின் நுனியில் அம்பு இருந்தது.

"என்னலே, செருப்பையும் விடமாட்டியா?" என்றேன். நான் திருநெல்வேலிக்காரன்.

"இது மட்டும் முன்னால தேஞ்சு கீது. நீ காலை இஸ்துகினு நடக்குற."

"கோட்டிக்காரப் பயலே, போ" என்றேன். பத்தே நாளில் புகை மூடியதுபோல் என் இடது கண் பார்வை மங்கியது.

சென்னையில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். பிலிமைப் பார்க்கப் பயந்து பாய்க்கடியில் வைத்திருந்தேன். அவன் உருவி எடுத்து ஜன்னல் வெயிலில் பிடித்தான். சாம்பல் நிறத்தில் என் மண்டை, அதற்குப் பின்னால் அவன் முகம். வெள்ளைப் புள்ளிகளுக்கெல்லாம் அம்பு ஒட்டினான். மொத்தம் ஒன்பது.

நரம்பு டாக்டர் கொதித்துப்போனார். "யாருப்பா இதுல ஸ்டிக்கர் ஒட்டுனது? ரிப்போர்ட்ல எட்டுதான் இருக்கு."

"நான்தான் சார். ஒம்போது கீது" என்றான் கூட வந்திருந்த அம்புக்குறி.

டாக்டர் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். ஒவ்வொரு அம்பின் நுனியிலும் விரல் வைத்து எண்ணினார். பிறகு, "ஒன்பதுதான்" என்றார்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். என் உடம்பே என் நரம்புகளின் மேலுறையை அரிக்கிறதாம். அரித்த இடங்கள்தான் அந்தப் புள்ளிகள். "ஒயருக்குத் தோலு உரிஞ்சிருக்கு, அவ்ளோதான்" என்று அம்புக்குறி எனக்கு விளக்கினான். டாக்டர் சிரிக்கவில்லை. "மருந்து கேக்குதான்னு அடுத்த ஸ்கேன்ல தெரியும். புதுசா புள்ளி வந்தா நடையும் பார்வையும் கஷ்டம்."

ஊசி போட்டதில் கண் தெளிந்தது. ஆனால் அந்த வருடம் முழுக்க, தினமும் காலையில் அம்புக்குறி என்னை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தான். அவன் கை சட்டைப்பைக்குப் போனாலே நடையை நிறுத்திவிடுவேன்.

அடுத்த பிலிம் வந்தது. பழையதையும் புதியதையும் சேர்த்து ஜன்னலில் பிடித்து நின்றான். நான் சுவரைப் பிடித்து நின்றேன். அவன் கை சட்டைப்பைக்குப் போனது. வெளியே வந்தது மஞ்சள் ஸ்டிக்கர்.

"புச்சா ஒண்ணும் இல்ல. அதே ஒம்போதுதான்" என்று சொல்லி, அதை என் சட்டையில் ஒட்டினான். அன்றைக்குத்தான் அவன் இமைத்ததைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

கம்பெனி மூடியபின் அவன் எங்கே போனானோ தெரியவில்லை. இப்போதும் ஸ்கேன் எடுத்தால் டாக்டர் நன்றாக இருக்கிறது என்கிறார். நான் பிலிமை வீட்டு ஜன்னலில் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்கிறேன். அவன் பார்த்துச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.