சாளை மீனின் வாலும் என் முழங்கையும்

கர்த்தருக்குள் அன்பான பேரன் ஜாபேஸுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து உன் பாட்டியின் அக்காள் சாரம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தாத்தாவும் இரண்டு பேரும் சுகம். இரண்டு பேரும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், காரணம் கீழே வருகிறது. போனில் சொன்னால் “சரி பாட்டி, சரி பாட்டி” என்று நீ வைத்துவிடுவாய் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் விசேஷம். என் மகள் வயிற்றுப் பேத்தி டார்லின் விவசாயப் படிப்பில் பதக்கம் வாங்கி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைக்கு வரும் நோயைப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். தாத்தா வயது ஆட்களெல்லாம் “மேடம், என் வாழைய ஒரு எட்டு வந்து பாருங்க” என்று நிற்கிறார்களாம். மகன் வழிப் பேத்தி டெபோரா மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் தலைவி. அவள் தம்பி மாவட்ட நீச்சல் போட்டியில் மூன்றாவது பரிசு வாங்கியிருக்கிறான். நீந்தினது மொத்தமே நாலு பேர் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் நீ. நீ வரைந்த படங்களைச் சென்னையில் பெரிய கூடத்தில் மாட்டியிருப்பதாகவும், ஒரு மிருதங்கக்காரர், ஒரு நாவல் எழுதுகிற அம்மாள், ஒரு பொம்மலாட்டக்காரர் என்று படைப்பாளிகள் வேலை செய்வதைப் பார்த்தபடியே வரைந்திருப்பதாகவும் பேப்பரில் போட்டிருந்தது. வெட்டி வைத்திருக்கிறேன். படைத்தவர் ஒருவர்தான் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நிற்காமல் இருந்திருந்தால் இத்தனை பேர் என்று எனக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வரிசையில் உன் தாத்தாவையும் சேர்ப்பதற்காக ஜூன் மாதம் வந்து பதினோரு நாள் எங்கள் வீட்டில் இருந்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முப்பது வருஷமாகச் சபையின் கிறிஸ்துமஸ் பாட்டை எழுதுகிறவர் பாக்கியசீலன் வாத்தியார், அதனால் அவர் படைப்பாளி, சரி. “தாத்தா, நான் இருக்கதையே மறந்துருங்க, வழக்கம்போல எழுதுங்க” என்றாய். அவரும் வழக்கம்போல சலவைச் சட்டை போட்டு, வழக்கம்போல தலைக்கு எண்ணெய் தேய்த்து, வழக்கம்போல முன்னறை நாற்காலியில் நெற்றியில் விரலை வைத்து உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் அந்த விரல் அந்த நெற்றிக்குப் போனதை நான் பார்த்ததில்லை. நீ விவரமானவன், “இங்கன வேண்டாம், எப்பவும் எங்கன இருந்து எழுதுவீங்களோ அங்கன வாங்க” என்று பின்கட்டு நடைக்கு, நான் மீன் வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், அவரைக் கூட்டி வந்தாய். ஏன் மனிதர் முன்னறையை விட்டுவிட்டு மீன் நாற்றத்தில் வந்து பாட்டு எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை போல. நீ என் பக்கம் பார்க்கிறபோதெல்லாம் மீனைப் பார்க்கிறாய், பிள்ளைக்குப் பசி என்று நினைத்து, தினம் இரண்டு துண்டு கூட வைத்தேன். அதுவும் வீண்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஏளா சாரா, சத்திரத்துல இடம் இல்லன்னு எப்படிச் சொல்லலாம்?” என்பார். நான் செதிலைத் தேய்த்துக்கொண்டே ஏதாவது சொல்வேன். அவர் அதைப் பிடித்து ராகத்தில் உட்கார்த்திவிடுவார். ஒரு நாள் இவர் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போக, காய் வாங்கிவந்த நான் வெயிலில் நின்று தட்டோ தட்டென்று தட்டி, கடைசியில் கதவைத் திறந்ததும், “தட்டித் தட்டிக் கை செவந்து போச்சி, தாழ் திறக்க ஆளில்ல” என்று வைதேன். அந்த டிசம்பரில் யோசேப்பு சத்திரத்துக் கதவைத் தட்டுகிற இடத்தில் அது வந்தது. சபையே கண்ணைத் துடைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் இவர் ஆறு பேரைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தபோது, “விறகில்ல, விளக்கில்ல, வந்து நிக்குது விருந்து” என்றேன். அது மேய்ப்பர்கள் வருகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் எரிச்சலில் சொன்னது அத்தனையும் அங்கே பக்தியாகிவிடும்.

போன மாதம் படத்தைப் பெரிய போட்டோவாக எடுத்துக் குழாயில் சுருட்டி அனுப்பியிருந்தாய். தாத்தா அதை என் கண்ணில் காட்டாமல் நேரே நாறும்பூநாதன் கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டின பிறகுதான் பார்த்தேன். நடுவில் தாத்தா, கையில் பேனா, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்துச் சுளுக்குக்கு எண்ணெய் தேய்க்கப் போகிறவர் மாதிரி. இடது ஓரத்தில் சாளை மீனின் வால். வால் முழுசாக வந்திருக்கிறது, செதில்கூட மினுங்குகிறது. வாலுக்கு மேலே என் முழங்கை. நாற்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்கு முழங்கை. மீனுக்காவது வால் கிடைத்தது.

அதோடு போயிருந்தால் சரி. எங்கள் முன்னறைச் சுவரில் தாத்தாவின் அப்பா, அம்மா, சித்தப்பா, என் அம்மா என்று நாலு படம் இருக்கிறது. நாலு பேரும் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தவர்கள். உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் பீரோவுக்குள் ஆல்பத்தில் இருக்கிறோம். இது எழுதாத சட்டம், தெருவுக்கே தெரியும். இவர் தன் படத்தை ஐந்தாவதாக, அதே வரிசையில், அதே உயரத்தில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் உறைமோர் வாங்க வந்தவள், சுவரைப் பார்த்தாள், கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “யக்கா, என்னைக்கு நடந்துச்சு? ஒரு வார்த்த சொல்லிவிடலியே” என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். “குளிச்சிக்கிட்டு இருக்காவடி” என்றேன். அவள் காதில் விழவில்லை, வெளியே ஓடிவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் குருவானவர், பெண்கள் சங்கத்தார் ஒன்பது பேர், தாத்தாவோடு வேலை பார்த்த மேலப்பாளையம் நூகு சார், எல்லாரும் வீட்டில். தாத்தா துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, “வாங்க, வாங்க, என்ன விசேஷம்?” என்கிறார். நூகு சார்தான் முதலில் தெளிந்தார். “வே, நீரு மவுத்துன்னு கேட்டு வெறும் வயித்தோட ஓடியாந்திருக்கேன். இருக்கிறதுதான் இருக்கீரு, ஒரு காப்பியாவது குடும்” என்றார். குருவானவர், “ஐயா இருக்கது சந்தோஷம். ஆனாலும் தயார் பண்ணிட்டு வந்துட்டோம், ரெண்டு வார்த்த சொல்லிட்டே போறோம்” என்றார். சொன்னார்கள். ஆள் மாற்றி ஆள், இருக்கிறவருக்கே இரங்கல். “தட்டித் தட்டிக் கை சிவந்ததுன்னு எழுதணும்னா எவ்வளவு பாடு பட்டிருக்கணும்” என்று குருவானவர். “வந்து நிக்குது விருந்துன்னு எழுதுனாரே, அந்த மனசு யாருக்கு வரும்?” என்று சங்கத்துச் செயலாளர் அம்மாள். துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார் உன் தாத்தா. “எல்லாம் அவர் கிருபை” என்று மேலே காட்டினார். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை காட்டியிருந்தால் கை ஒன்றும் சுளுக்கியிருக்காது. நான் பன்னிரண்டு பேருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து நான் ஒரு வரி தருவதில்லை. இந்த வருஷப் பாட்டைப் பாடகர் குழு மாதக் கடைசிக்குள் கேட்கிறது. இவர் “வானில் ஒரு நட்சத்திரம்” என்று எழுதிவிட்டு ஒன்பது நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று, “ஏளா, நட்சத்திரத்துக்கு ஒண்ணு சொல்லேன்” என்று வந்தார். “படத்துல ஒத்தையாத்தான இருக்கிய, ஒத்தையாவே எழுதுங்க” என்றேன். முகம் கறுத்துப் போய்விட்டார். உன் மேல்தான் எனக்கு முழுக் கோபம் ஜாபேஸ். இவர் வாத்தியார், தன்னைத் தவிர எதையும் கவனிக்கிறவர் இல்லை. உனக்குப் பார்க்கிறதுதானே வேலை. பதினோரு நாள் பார்த்தும் உன் கண்ணுக்கு முழங்கைதான் தெரிந்தது என்றால், மிருதங்கக்காரர் படத்தில் மிருதங்கமாவது வந்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள். படத்தைக் கழற்றி நாளைக்கே லாரி சர்வீசில் உனக்கு அனுப்பிவிடுகிறேன். இனி இந்த வீட்டுக்கு வருவதென்றால் வர்ணப் பெட்டி இல்லாமல் வா.

கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. கண்களையும் சேர்த்து ஆசீர்வதிக்கும்படி தனியாக ஜெபிக்கிறேன். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
சாரம்மாள் பாக்கியசீலன்

பி.கு.: கடிதத்தை ஒட்டினவள் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். அனுப்புவதற்காகப் படத்தைக் கழற்றினபோது பின்பலகை பெயர்ந்து வந்தது. உள்ளே ஒரு முழ அகலத்துக்குப் படம் மடங்கிக் கிடக்கிறது. அதில் நான் முழுசாக உட்கார்ந்திருக்கிறேன், அரிவாள்மனையும் மீனுமாக, வாயைத் திறந்து என்னமோ சொல்லிக்கொண்டு. தாத்தாவுக்குச் சுளுக்கு இல்லை, என் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். படத்துக்குக் கீழே, சட்டம் மறைத்திருந்த இடத்தில், நீ “பாட்டு எழுதுகிற இருவர்” என்று எழுதியிருப்பதையும் இப்போதுதான் பார்த்தேன். நாறும்பூநாதன் கடைக்கு நடந்தே போய்க் கேட்டேன். “முழுசாப் போட்டா சட்டம் ரொம்ப அகலமா வரும், எந்தப் பக்கத்த மடிக்கன்னு கேட்டேம்மா. மீன் பக்கத்த மடிச்சிருங்கன்னு சார்தான் சொன்னாவ” என்றார். ஆகவே மேலே உன்னைச் சொன்னதெல்லாம் உனக்கு இல்லை, உரிய ஆளுக்கு வாய்மொழியாகவே சொல்லியாகிவிட்டது. மடித்ததை இன்னொரு மடிப்பும் மடித்திருக்கிறார், அந்தக் கோடு என் மூக்கின் மேலேயே விழுந்து தாள் வெடித்திருக்கிறது. அதனால் அந்தப் படத்தைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, அதே அளவில், உடனே தபாலில் அனுப்பு. என் பெயருக்கு அனுப்பு. எந்தப் பக்கத்தை மடிப்பது என்று நானே கடையில் சொல்லிக்கொள்கிறேன்.